பையர் மெயிலில் ஐந்து 'செக்': ஆர்டர் இருக்கா, போச்சா?

தறிவீடு_கரூர்:
வணக்கம்ங்க. கரூரில் மேஜை விரிப்பு, கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் சின்ன கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அமெரிக்க பையர் அனுப்பிய மெயிலில் வரிக்கு வரி 'செக்'. சிவப்பு வெள்ளை செக்ஸ் துணி பிடித்திருக்கிறதாம், அது புரிகிறது. சாம்பிளுக்குப் பணமாக ஒரு செக் தபாலில் வருகிறதாம். ஆனால் நம்ம ஊர் செக் புக்கில் இருக்கும் ஸ்பெல்லிங் இல்லை. விலையை 'இன் செக்' வைக்கணுமாம். இணைத்திருக்கும் படிவத்தில் பாக்ஸ்களை செக் பண்ணி அனுப்பணுமாம். சரக்கே இன்னும் தறியில் இருக்கிறது, எந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது? கடைசியாக, பெரிய ஆர்டருக்கு 'ரெயின் செக்' எடுத்துக்கொள்கிறார்களாம். முதலாளி கான்சல் என்றே முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் பதில் போடணும், யாராவது சொல்லுங்க.

இரவு_ஷிஃப்ட்:
கான்சல் இல்லை நண்பா. 'இப்போ முடியாது, அப்புறம் பார்க்கலாம்' என்பதுதான் ரெயின் செக். 1880களில் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் வந்தது. மழையால் ஆட்டம் நின்றால், கையில் இருக்கும் சீட்டைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்தைப் பார்க்கலாம். அந்தச் சீட்டுக்குப் பெயர் ரெயின் செக். அங்கே அடையாளச் சீட்டு, டோக்கன் எல்லாமே செக்தான். ஓட்டலில் சாப்பிட்டு முடித்து செக் கேட்டால் பில் வரும்.

ஆனால் நாசூக்காகக் கழற்றிவிடவும் இதையே சொல்வார்கள். அதனால் எந்த மாதம் திரும்பப் பேசலாம் என்று நேராகக் கேளுங்கள். மாதம் சொன்னால் ஆர்டர் உயிரோடு இருக்கிறது.

பாக்ஸ் விஷயம்: படிவத்தில் இருக்கும் சின்னக் கட்டங்களைச் சொல்கிறார்கள். நாம் டிக் அடிப்பதை அவர்கள் செக் பண்ணுவது என்பார்கள். அதற்காக எல்லாவற்றிலும் டிக் அடித்துவிடாதீர்கள். அசோ என்ற ரசாயன வகை இல்லாத சாயம் மாதிரி ஏதாவது ஒரு கட்டம் இருக்கும், பிறகு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள்.

தறிவீடு_கரூர்:
அப்பாடா, நன்றிங்க. அசோ கட்டம் நிஜமாகவே இருக்கிறது! ஆனால் துணி, பணம், டிக், டோக்கன் எல்லாத்துக்கும் ஒரே சொல் எப்படிங்க?

ஓய்வு_காசாளர்:
தம்பி, எல்லாம் சதுரங்கப் பலகையில் தொடங்குகிறது. பாரசீகத்தில் ஷா என்றால் அரசர். ராஜாவைத் தாக்கும்போது எதிராளியை எச்சரிக்கச் சொன்ன அந்தச் சொல் அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் செக் ஆனது. செஸ் என்ற பெயரே அதன் பன்மைதான். செக் வைத்தால் ராஜா இஷ்டத்துக்கு நகர முடியாது. அதிலிருந்து தடுத்து நிறுத்துவது, கட்டுப்படுத்துவது என்ற பொருள் வந்தது. உங்கள் 'இன் செக்' அதுதான், விலையை ஏறவிடாதே என்கிறார். தவறு நடக்காமல் தடுக்கச் சரிபார்ப்பது அடுத்த படி. நம்ம செக்போஸ்ட்டில் இரண்டும் உண்டு, வண்டியை நிறுத்தவும் செய்வார்கள், பார்க்கவும் செய்வார்கள்.

துணி வேறு கிளை. பலகையின் கட்டங்களைப் பார்த்துக் கட்டம் போட்ட எதற்கும் அந்தப் பெயர் ஒட்டியது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் வரிக்கணக்கை, கோடு போட்ட துணி விரித்த மேஜையில் காய்களை நகர்த்தித்தான் பார்த்தார்கள். மேஜை சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். அதனால் கருவூலத்துக்கே சதுரங்கப் பலகையின் பெயர், எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்தான். நீங்கள் விற்கும் சரக்கை விரித்துத்தான் ஒரு நாட்டின் கணக்கே நடந்திருக்கிறது!

வங்கி செக் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. முதலில் மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கு அந்தப் பெயர், பிறகு தாளுக்கே வந்துவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் 'க்யூ' போட்டு எழுதப் பழகினார்கள். நம்முடைய 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அதே எழுத்து. செக் பவுன்ஸ் ஆனால் பாயும் பிரிவு 138 இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கர்கள் பழையபடி 'கே' போட்டு முடிப்பார்கள். அதனால் ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கோவை_எண்ணெய்:
அப்போ எங்க மரச்செக்கும் பாரசீக ராஜாதானா ஐயா?

ஓய்வு_காசாளர்:
அது நம்ம வீட்டுச் சொல், ஆளை விடுங்க. வ.உ.சி. உங்கள் ஊர்ச் சிறையில் இழுத்ததற்கும் ஷாவுக்கும் சம்பந்தம் இல்லை.

இரவு_ஷிஃப்ட்:
செக்மேட்டில் வரும் மேட், இறந்தார் என்பதா ஐயா?

ஓய்வு_காசாளர்:
அரபுச் சொல்லாக எடுத்தால் இறந்தார். பாரசீகமாக எடுத்தால் வழியற்றுத் திகைத்தார். பாரசீக விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே.

தறிவீடு_கரூர்:
பதில் அனுப்பியாச்சுங்க. உறுதியானதுக்கு மட்டும் டிக், சாய விவரத்தை டையிங்கில் கேட்டுச் சொல்கிறோம் என்று ஒரு வரி. பெரிய ஆர்டரை எந்த மாதம் பேசலாம் என்றும் கேட்டிருக்கிறேன்.

ஓய்வு_காசாளர்:
இன்னொரு மெயிலும் போடுங்க தம்பி. அமெரிக்க செக் நம்ம ஊர் செக் மாதிரி கிளியரிங்கில் சட்டென்று வராது. வசூலுக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கணும், கமிஷன் வேறு போகும். பல கிளைகளில் வாங்கவே தயங்குவார்கள். சாம்பிள் காசு சின்னத் தொகைதானே, தபாலில் போடுவதற்கு முன்னாடியே வயர் டிரான்ஸ்ஃபர், அதாவது வங்கிக்கு வங்கி நேராகப் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கணக்கு எண்ணோடு, வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் நம்ம வங்கியை அடையாளம் காட்டும் 'ஸ்விஃப்ட் கோட்' என்ற குறியீட்டையும் சேர்த்து அனுப்பணும்.