மகனை முழுநேர கேட்சராக்கலாமா?

டெக்சாஸ் வந்த முதல் வருடமே பையன் பேஸ்பாலில் நன்றாக அடிக்கிறான், பயிற்சியாளர் "இனி இவன்தான் கேட்சர்" என்கிறார், சரி சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். 12 வயதில் முழுநேரம் வேண்டாம் என்பதுதான் என் பதில். பழகட்டும், அது போதும்.

கேட்சர் என்றதும் நமக்கு விக்கெட் கீப்பர்தான் நினைவுக்கு வருவார். தோனி கீப்பிங்கும் செய்தார், விளாசவும் செய்தார், அப்புறம் என்ன என்று நானும் தலையாட்டினேன். ஆனால் வேகப்பந்துக்குக் கீப்பர் தள்ளி நிற்பார். கேட்சருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை ஒட்டியே குந்த வேண்டும். விளிம்பில் பட்ட பந்து நேரே முகமூடியில் வந்து இடிக்கும். ஜூலை மாத வெயிலில் ஒரே சனிக்கிழமை இரண்டு ஆட்டம். அன்று இரவு என் மகன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக மாடி ஏறினான். கிளவுஸ் போட்ட கையில் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி வீங்கியிருந்தது. மறுநாள் மட்டையைச் சுழற்றினான், பந்து தூரம் போகவே இல்லை. நம் சிக்சர் மாதிரியான ஹோம் ரன் அடிக்கும் பலம் தொடையிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தானே வருகிறது!

பெரிய அணிகளும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கின்றன. பிரைஸ் ஹார்ப்பர் கல்லூரியில் கேட்சர். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2010இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தபோதே அவுட்ஃபீல்டுக்கு, அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து தடுக்கும் இடத்துக்கு, மாற்றிவிட்டது. 19 வயதில் இங்குள்ள உச்ச லீக்கான மேஜர் லீக்கில் இறங்கிவிட்டார். மினசோட்டாவின் ஜோ மாவர் கேட்சராகவே மூன்று முறை பேட்டிங் பட்டம் (சீசனின் உச்ச பேட்டிங் சராசரிக்கு) வென்றவர். 2013இல் தலையில் அதிர்ச்சி ஏற்பட்டு, அடுத்த வருடம், குந்த வேண்டாத 'முதல் பேஸ்' தடுப்பு இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

கேட்சராக இருந்தே 2025இல் 60 ஹோம் ரன் அடித்த சியாட்டில் வீரர் கால் ராலியைக் காட்டிப் பயிற்சியாளர் பேசலாம். அவரையும் சில நாட்கள் கேட்சிங்கிலிருந்து விடுவித்து, அடிக்க மட்டுமே இறக்கினார்கள். ஆனாலும் அந்த வேலை தெரிந்த பையனுக்கு உயர்நிலைப் பள்ளி அணியில் மதிப்பு உண்டு, அதை மறுக்க மாட்டேன். இடது கையால் எறிபவன் என்றால் மட்டும் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். மேலே போகப் போக அவனை அந்த இடத்தில் நிறுத்தமாட்டார்கள்.

வாத்தியாரிடம் மறுத்துப் பேச நமக்குத் தயக்கம். நான் ஒரு சீசன் முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன், இன்றும் அது உறுத்துகிறது. இங்கே பெற்றோர் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. "வாரத்துக்கு ஒரு ஆட்டம் கேட்சர், மற்றதில் மூன்றாவது பேஸ்" என்று நேராகவே கேளுங்கள். பந்தும் வீசுகிறானா என்று சொல்லவில்லையே? சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று பந்து வீசக்கூடாது. தோளுக்கு அவ்வளவு வேலை.

பையனிடமும் காரில் வரும்போது பேசிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், இரவில் அவன் படியேறுவதைக் கவனியுங்கள்.