கலைச்சொல் உரையாடல்: ‘ஆசிஃபிகேஷன்’ – எலும்பாதலா, எலும்பாக்கமா?

மடல் 1 (உடற்கூறியல் ஆசிரியை)

குழுவினருக்கு வணக்கம்.

முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கான சொற்பட்டியலில் ‘ஆசிஃபிகேஷன்’ (எலும்புத் திசு உண்டாகும் செயல்) மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. வரைவில் மூன்று சொற்கள் உள்ளன: எலும்பாதல், எலும்பாக்கம், சுண்ணமேற்றம். மூன்றாவதை உடனே நீக்கிவிடலாம். சுண்ணமேற்றம் என்பது கால்சிய உப்பு ஒரு திசுவில் படிவது, அதாவது ‘கால்சிஃபிகேஷன்’. முதியவர்களின் தமனிச் சுவரில் சுண்ணம் படிகிறது. அதனால் அந்தச் சுவர் எலும்பாகிவிடுவதில்லை.

என் தடை ‘எலும்பாதல்’ மீதுதான். பால் தயிராதல் என்றால் பாலேதான் தயிராகிறது. ‘குருத்தெலும்பு எலும்பாதல்’ என்று படிக்கும் மாணவர் அதே இலக்கணப்படி, குருத்தெலும்பே இறுகி எலும்பாகிறது என்று எடுத்துக்கொள்கிறார். தேர்வுத் தாளிலும் அப்படியே எழுதுகிறார்.

நடப்பது வேறு. தொடை எலும்பைப் பாருங்கள். கருவில் முதலில் அது குருத்தெலும்பாலான சிறு வடிவம். ஏழாம், எட்டாம் வாரத்தில் நடுத்தண்டைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளாகி (எலும்பை ஆக்கும் செல்களாகி), தண்டைச் சுற்றி மெல்லிய எலும்புப் பட்டையை இடுகின்றன. உள்ளே குருத்தெலும்புச் செல்கள் பருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள தளப்பொருளில் சுண்ணம் ஏறுகிறது. செல்களில் பெரும்பாலானவை மடிகின்றன. பிறகு ரத்த நாளங்கள் பட்டையைத் துளைத்து நுழைகின்றன. அவற்றோடு அரிக்கும் செல்களும் வருகின்றன, ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளும் வருகின்றன. சுண்ணமேறிய குருத்தெலும்பில் பெரும்பகுதி அரிக்கப்பட, மிஞ்சிய மெல்லிய தடுப்புகளின் மேல் புது எலும்பு பூசப்படுகிறது. ஹீமட்டாக்சிலின்–இயோசின் சாயமிட்ட வில்லையில் இது கண்கூடு: நடுவே நீலமாகக் குருத்தெலும்பு, அதன்மேல் இளஞ்சிவப்பாக எலும்பு. அந்த நீல உள்ளகமும் பிற்பாடு அரிக்கப்பட்டுவிடும்.

ஆகவே எலும்பு இன்னொன்றின் இடத்தில் ஆக்கப்படுகிறது. ஆக்கும் செல் ஒன்று இருக்கிறது. ‘எலும்பாக்கம்’ என்றே முடிவுசெய்யலாம் என்பது என் கருத்து.

மடல் 2 (கதிர்ப்பட மருத்துவர்)

உடன்படுகிறேன் அம்மா. ஒரு சொல் தொகைச்சொற்களில் எப்படி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் துறையில் நாள்தோறும் புழங்குவது ‘எலும்பாக்க மையம்’, அதாவது குருத்தெலும்பில் எலும்பு முதலில் தோன்றும் இடம். ‘எலும்பாதல் மையம்’ என்பது வாயில் ஓடவில்லை.

முழங்கையில் ஆறு மையங்கள் ஒரு வரிசையில் தோன்றுகின்றன. முழங்கை எலும்புகளின் முனைப் பகுதிகளான இவை தோன்றும் வயது: கேப்பிடெல்லம் 1, ஆர எலும்பின் தலை 3, உட்புற எபிகாண்டைல் 5, ட்ராக்ளியா 7, ஒலெக்ரனான் 9, வெளிப்புற எபிகாண்டைல் 11. வயது தோராயம்தான், குழந்தைக்குக் குழந்தை முன்பின் ஆகும். வரிசையைத்தான் நம்ப வேண்டும். விழுந்து அடிபட்ட குழந்தையின் படத்தில் ட்ராக்ளியாவின் இடத்தில் ஒரு துண்டு தெரிகிறது, உட்புற எபிகாண்டைலைக் காணோம் என்றால் அது ட்ராக்ளியா அல்ல. பிய்ந்துபோன எபிகாண்டைல் மூட்டுக்குள் சிக்கியிருக்கிறது. தவறவிட்டால் மூட்டு விறைத்துவிடும். ஐயம் இருந்தால் மறு கையையும் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

சுண்ணமேற்றத்தைத் தனியே வைக்க இன்னொரு காரணமும் உண்டு. தசைக்குள் வெண்ணிறமாகத் தெரிவது வெறும் சுண்ணமா எலும்பா என்று நாங்கள் அறிக்கையில் பிரித்து எழுதியாக வேண்டும். வெளிப்புறத்தில் ஒழுங்கான புறணியும் உள்ளே எலும்புச் சட்டகமும் தெரிந்தால் எலும்பு. உருவமற்ற திட்டாக இருந்தால் சுண்ணம்.

மடல் 3 (யாழ்ப்பாணத்திலிருந்து, உயிரியல் ஆசிரியர்)

வணக்கம். ‘ஆக்கம்’ சரி. ஆனால் எங்கள் பாடநூல் வழக்கு ‘என்பு’, ஆகவே ‘என்பாக்கம்’. குருத்தெலும்பை நாங்கள் கசியிழையம் என்போம், திசுவை இழையம் என்போம். குருத்தெலும்பு என்ற பெயரிலேயே எலும்பு இருப்பதால்தான் அது இளம் எலும்பு, முற்றினால் எலும்பாகும் என்ற எண்ணம் வருகிறது. கசியிழையத்தில் அந்த இடர் இல்லை.

சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளும் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்றே வருகின்றன. அந்த வரிசையில் மூளை என்பது எலும்பு மச்சை (மஜ்ஜை). எனவே என்பு புதிதாகப் புகுத்தும் சொல் அன்று.

மடல் 4 (உடற்கூறியல் ஆசிரியை)

ஐயா, நீங்கள் சொல்வது வலுவான காரணம். இரண்டையும் ஒரே பதிவில் ‘எலும்பாக்கம் / என்பாக்கம்’ என்று தருவோம். இங்குள்ள மாணவருக்கு ‘என்பில்’, ‘என்பின்’ போன்ற வேற்றுமை வடிவங்கள் ‘என்பது’, ‘என்பதன்’ என்பவற்றோடு கண்ணில் கலந்துவிடும். அதனால் எலும்பு முன்னே நிற்கட்டும்.

மடல் 5 (மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர்)

ஒரு மறுப்பு. பருத்த குருத்தெலும்புச் செல்கள் எல்லாம் மடிவதில்லை. அவற்றில் ஒரு பகுதி ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளாக மாறுவதைச் சுண்டெலிகளில் செல்வழித் தடமறிதல் ஆய்வுகள் (ஒரு செல்லின் வழித்தோன்றல்களைக் குறியிட்டுப் பின்தொடர்பவை) 2014-இல் காட்டின. அப்படியானால் ‘ஆதல்’ முழுத் தவறா?

மடல் 6 (எலும்பியல் அறுவை மருத்துவர்)

தவறுதான் என்பேன். மாறுவது செல். தளப்பொருள் மாறுவதில்லை. குருத்தெலும்பின் தளப்பொருளில் இருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் நார்ப்புரதம். எலும்பில் முதல் வகை. ஒன்று இன்னொன்றாகத் திரிவது கிடையாது. பழையது அரிக்கப்பட வேண்டும், புதியது சுரக்கப்பட வேண்டும். நாம் பெயரிடுவது திசு உண்டாகும் செயலுக்கு.

ரிக்கெட்ஸ் நோய் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வைட்டமின் டி குறைந்து கால்சியமும் பாஸ்பேட்டும் போதாதபோது வளர்தட்டின் (நீள எலும்பின் முனையருகே அது நீளும் இடத்தின்) குருத்தெலும்பில் சுண்ணம் ஏறுவதில்லை. பருத்த செல்கள் மடியாமல் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகின்றன, நாளங்கள் ஒழுங்காக நுழைய முடிவதில்லை. வளர்தட்டு அகன்று, எலும்பின் முனை கிண்ணம்போல் குழிந்து, விளிம்பு நைந்து தெரிகிறது. சுண்ணமேற்றம் எலும்பாக்கத்தில் ஒரு படி. அந்தப் படி தடைப்பட்டால் அடுத்தவை எல்லாம் தடைப்படுகின்றன.

இனி எலும்பாக்கத்தின் இரு வகைகளுக்கும் பெயர். ஒன்று குருத்தெலும்பின் இடத்தில் நடப்பது, மற்றது குருத்தெலும்பு இல்லாமல் நேரடியாக நடப்பது. ‘குருத்தெலும்புவழி’, ‘படலவழி’ என்று ‘வழி’ சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். இரண்டாவதன் ஆங்கிலப் பெயரை (இன்ட்ராமெம்பிரனஸ்) அப்படியே பெயர்த்து ‘படல உள்’ என்றால் ஏதோ சவ்வுக்குள் நடப்பதாகத் தோன்றும். அங்கே இருப்பது நெருங்கித் திரண்ட மீசன்கைம் (கருவின் இளம் இணைப்புத் திசு) மட்டுமே. மண்டையோட்டின் கூரை, முக எலும்புகள், காறை எலும்பின் பெரும்பகுதி படலவழி. நீள எலும்புகள், முள்ளெலும்புகள், மண்டையின் அடித்தளம் குருத்தெலும்புவழி. இரண்டும் தனித்தனிப் பாதைகள் என்பதற்கு மரபணுக் குறைகளே சான்று. எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாற்றத்தால் வரும் அகாண்ட்ரோபிளாசியா என்னும் குள்ளநிலையில் கைகால்கள் குறுகும், மண்டை அடித்தளமும் சிறுக்கும். மண்டைக் கூரை குறையாது. ரன்எக்ஸ்2 மரபணுவின் செயல் குறைந்தால் காறை எலும்பு வளராமல் போகும், உச்சிக்குழி நெடுநாள் மூடாது.

எலும்பு முறிவு கூடும்போதும் இந்தப் பெயர்கள் பயன்படும். மாவுக்கட்டிலோ உட்கம்பியிலோ முறிந்த இடம் சிறிது அசைவதால் அங்கே முதலில் குருத்தெலும்புத் திரட்டு வந்து, பிறகு குருத்தெலும்புவழி எலும்பாக்கம் நடக்கும். தகட்டால் அழுத்தி அசைவே இல்லாமல் பொருத்தினால் அந்தத் திரட்டு வராது. படத்தில் திரட்டைக் காணோமே என்று அங்கே பதற வேண்டாம்.

மடல் 7 (கதிர்ப்பட மருத்துவர்)

‘வழி’ நன்று. ‘ஆஸ்டியாய்டு’க்கு என்ன செய்வது? வரைவில் ‘இளவெலும்பு’ என்று இருக்கிறது.

மடல் 8 (எலும்பியல் அறுவை மருத்துவர்)

அது வேண்டாம். முறிவிலும் கருவிலும் முதலில் வரும் ஒழுங்கற்ற இழை எலும்பை மாணவர்கள் ஏற்கெனவே இளவெலும்பு என்கிறார்கள். அதில் சுண்ணம் உண்டு. ஆஸ்டியாய்டு என்பது சுரக்கப்பட்டு இன்னும் சுண்ணமேறாத தளப்பொருள். பெரியவர்களில் சுரந்து ஏறக்குறைய பத்து நாள் கழித்தே சுண்ணம் ஏறத் தொடங்கும். ஆஸ்டியோமலேசியாவில் (பெரியவர்களின் எலும்பு மென்மையாகும் நோய்) அந்த இடைவெளி நீண்டு, சுண்ணமேறாத ஓரம் தடிக்கும். ‘சுண்ணமேறா எலும்பு’ என்று நேராகவே வைப்போம். ஒழுங்கற்றதற்குப் ‘பின்னல் எலும்பு’, முதிர்ந்ததற்கு ‘அடுக்கு எலும்பு’.