வன்கொடியா, காழ்க்கொடியா? கழற்சி விவரணைக்கு ஒரு சொல்

இராயபுரம் (மொழிபெயர்ப்பு):

குழுவினருக்கு வணக்கம். கடலோரச் செடிகொடிகள் பற்றிய கல்லூரிக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். கழற்சிக்கொடிப் பக்கம் மட்டும் நிற்கிறது. முதல் வரியிலேயே ‘லியானா’ என்ற கொடிவகைப் பெயர் வருகிறது. தண்டு கட்டையாகிப் பல ஆண்டு வாழும். ஆனால் தானே நிமிர்ந்து நிற்காது, அடுத்த மரத்தைப் பிடித்து ஏறும். வெறுமனே ‘கொடி’ என்று போட்டால் பாகலும் சங்குப்பூவும் இதனோடு ஒன்றாக விழுந்துவிடும், செடியைப் படிப்படியாக இனங்காண உதவும் திறவுகோல் முதற்படியிலேயே குலையும். என் வரைவு இது:

“முள் நிறைந்த, மரத்தன்மையுள்ள ஏறுகொடி. இலை இருமடிச் சிறகுக் கூட்டிலை (நடுக்காம்பு சிறகுகளாகக் கிளைத்து, ஒவ்வொரு சிறகிலும் சிற்றிலைகள் இருப்பது). இலையடிச்செதில் பெரியது, இலை போன்றது, பிளவுபட்டது. பூ மஞ்சள். நெற்று 5 முதல் 7 செ.மீ. நீளம், முள் மூடியது. விதை பெரும்பாலும் 1 அல்லது 2, சாம்பல் நிறம், வழவழப்பு.”

‘மரத்தன்மையுள்ள ஏறுகொடி’ திறவுகோலில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒற்றைச் சொல் தாருங்கள்.

தண்டையார்பேட்டை (பள்ளித் தாவரவியல்):

வன்கொடி. வன்மை + கொடி. வகுப்பில் சொன்னவுடன் புரிகிறது, மென்கொடி என்று எதிர்ச்சொல்லும் தானே கிடைக்கிறது. ‘மரக்கொடி’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். மரமாகிய கொடி என்று நாம் நினைத்து எழுதுவோம், பிள்ளைகள் மரத்தில் ஏறும் கொடி என்று படிப்பார்கள். அப்படிப் படித்தால் வெற்றிலையும் மணிபிளாண்டும் மரக்கொடிதான். தொகைச்சொல்லை விரிக்கும்போது இரண்டு பொருள் வந்தால் அது திறவுகோலுக்கு ஆகாது.

திருவொற்றியூர் (இலக்கணம்):

வன்மை என்பது உறுதி. பிரம்பும் உறுதியானதுதான், அது மரமாகுமா? இந்த வேறுபாட்டைத் தொல்காப்பிய மரபியல் முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. “புறக்கா ழனவே புல்லென மொழிப”, “அகக்கா ழனவே மரமென மொழிப.” காழ் என்பது வயிரம், அதாவது தண்டின் கெட்டிப்பகுதி. வெளியே வயிரம் உள்ள பனை, தெங்கு, மூங்கில் எல்லாம் புல், உள்ளே வயிரம் உள்ளது மரம். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று பாருங்கள். பிரம்பு புறக்காழ்க் கொடி, கழற்சி அகக்காழ்க் கொடி. சுருக்கமாகக் காழ்க்கொடி. யரழ முன் வல்லினம் மிகும், புணர்ச்சியிலும் குறையில்லை. இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேடவேண்டும்?

எண்ணூர் (களப்பணி):

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, செடி அதற்கு ஒத்துவரவில்லை. கழற்சியின் இளந்தண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் இருப்பது நெட்டி போன்ற மென்சோறு, வயிரம் அல்ல. அடித்தண்டு முதிர்ந்த பிறகுதான் கட்டை. பொதுவாகவே ஏறுகொடிகளின் கட்டையில் நீர்க்குழாய்கள் அகலமானவை, மென்திசு அதிகம். தன் எடையைத் தாங்கும் வேலை இல்லாததால் தாங்குதிசுவில் செலவிடுவது குறைவு. வளைந்தாலும் முறியாமல் இருப்பதும் அதனால்தான். மாணவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் நுனிக்கிளை. அதை வெட்டிக் காழ் இருக்கிறதா என்று தேடினால், இல்லை என்று எழுதித் தவறான படிக்குப் போய்விடுவார்கள். என் ஓட்டு வன்கொடிக்கு. அடைப்புக்குள் ‘அடித்தண்டு கட்டையானது’ என்று சேருங்கள்.

இராயபுரம் அம்மாவின் வரைவில் ஒரு நல்ல விஷயம், இலைக்காம்பின் அடியில் வளரும் இலையடிச்செதிலை விடாமல் எழுதியிருப்பது. மஞ்சள் விதை கொண்ட நெருங்கிய உறவுக்கொடி ஒன்று உண்டு. காய் இல்லாத காலத்தில் இரண்டையும் பிரிப்பது அந்த உறுப்புதான். சாம்பல் விதைக் கழற்சியில் அது கண்ணில் படும்படி பெரிது, மடல் மடலாகப் பிளந்திருக்கும். மற்றதில் தேடினால்தான் தெரியும். ஆகவே மாதிரி எடுக்கும்போது இளங்குருத்தோடு வெட்டவேண்டும். வெறும் இலைக்காம்பை ஒடித்து வந்தால் அடையாளம் போச்சு.

இன்னொன்று. இலை அரை மீட்டருக்கும் மேல் போகும், உலர்தாளில் அடங்காது. நடுக்காம்பை ஒருமுறை மடித்து அழுத்துங்கள், அடியும் நுனியும் இரண்டும் தெரியவேண்டும். நெற்றை அழுத்தக்கூடாது, அதன் முள் தாளைக் கிழித்து மேலிருக்கும் மாதிரியையும் கெடுக்கும். தனி உறையில் போட்டு, மாதிரிக்குக் கொடுத்த அதே எண்ணை எழுதுங்கள். அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: முதற்கிளைச் சிறகு ஒன்றை முழு இலை என்று எண்ணி ‘ஒருமடிக் கூட்டிலை’ என எழுதிவிடுவது. காம்பு தண்டோடு சேரும் எந்தக் கோணத்தில் மொட்டு இருக்கிறதோ அங்கிருந்துதான் இலை தொடங்குகிறது.

திருவொற்றியூர்:

காழ் என்பதை வயிரம் என்று மட்டும் சுருக்கவேண்டாம். காழ் என்றால் விதையும்தான், கொட்டையும்தான். காழ்த்தல் முற்றுதல். கழற்சியின் பெயரிலேயே இது ஒளிந்திருக்கிறது. காய்ந்த நெற்றில் விதை கழன்று உருளும். கழல், கழங்கு, கழற்சி எல்லாம் ஒரே வேர். சங்கப் பெண்கள் ஆடிய கழங்கும், முருகன் பூசாரியான வேலன் குறி பார்த்த கழங்கும் இந்த விதையே. வீரன் காலில் ஒலித்த கழலுக்குள்ளும் பரல் உருண்டது. கழ என்னும் அடி நீண்டு காழ் ஆயிற்று, படு பாடு ஆனது போல. ஆகக் காழ்க்கொடி என்பது இந்தச் செடிக்குப் பிறவியிலேயே உரிய பெயர்.

பெரம்பூர்:

கழங்குக்கும் கழற்சிக்கும் உறவு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. காழை அதோடு கட்டுவதை ஏற்கமுடியாது. படு, சுடு, கெடு முதலியவை உகர ஈற்று வினையடிகள். அவை நீண்டு பாடு, சூடு, கேடு எனத் தொழிற்பெயராகும். கழல் லகர ஈறு. அது நீண்டு லகரத்தை இழந்து காழ் ஆனதற்கு எந்த வாய்பாடும் இல்லை. மேலும் நமக்குத் தேவை லியானா என்னும் வளர்வகைக்குப் பொதுச்சொல். கழற்சிக்கு மட்டும் பொருந்தும் வேர், இண்டுக்கும் குன்றிமணிக்கும் எப்படிப் பொருந்தும்?

வியாசர்பாடி (தோட்டக்கலை):

வளர்வகை என்றதால் கேட்கிறேன். எப்படி ஏறுகிறது என்பதை அந்தச் சொல் காட்டவேண்டாமா? குன்றிமணி தண்டாலேயே சுற்றி ஏறும். மந்தாரை இனத்துப் பெருங்கொடிகளுக்குப் பற்றுக்கம்பி உண்டு. இண்டும் கழற்சியும் முள்ளை மாட்டி ஏறுபவை. கழற்சியில் இலை நடுக்காம்பின் அடிப்பக்கம் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கும். காற்றில் இலை ஆடும்போது அவை மாட்டிக்கொள்ளும், பின்னால் வராது. முருங்கைக்கீரை பறிக்கும் துறட்டியின் வேலையேதான். ‘துறட்டுக்கொடி’ என்றால் என்ன?

சுற்றுக்கொடிகளுக்குத் திசையும் எழுதவேண்டும். விஸ்டீரியா என்ற பூங்கொடியில் சீன இனம் இடஞ்சுழி, ஜப்பான் இனம் வலஞ்சுழி. பூ இல்லாதபோது அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். ஆனால் மேலிருந்து பார்த்தா, பக்கவாட்டில் பார்த்தா என்று சொல்லாமல் வலம், இடம் என்று எழுதினால் பயனில்லை.

எண்ணூர்:

துறட்டு என்ற சொல் முள்ளுக்குப் பொருந்தும், வளர்வகைக்குப் பொருந்தாது. முள்ளுக்கும் ஒரு எச்சரிக்கை. தொரட்டி என்று ஊரில் சொல்லும் ஆதொண்டை இனத்தில் வளைமுள் இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாக இருக்கும். அது இலையடிச்செதில் மாறியது. எலுமிச்சை முள் இலைக்கோணத்தில் எழும். கழற்சி முள்ளோ ரோஜா முள் போல மேல்தோலில் எங்கு வேண்டுமானாலும் முளைப்பது. மூன்றையும் முள் என்றே எழுதினால் விவரணை ஊமையாகிவிடும். கழற்சிக்குத் ‘தோல்முள்’ என்று போட்டு, ‘பின்வளைந்தது’ என்று வடிவத்தைச் சேர்க்கலாம்.

பாரிமுனை (நாட்டு மருந்து):

சொல் எதுவானாலும் சரி, தலைப்பில் கழற்சியோடு கெச்சக்காய் என்பதையும் போடுங்கள். ராசப்ப செட்டி தெருக் கடைகளில் கழற்சிக்காய், கெச்சக்காய் இரண்டு பெயரும் நடக்கும். தெலுங்கிலும் கச்சகாய என்பார்கள், வடசென்னையில் அது அதிகம் காதில் விழும். விதை முளைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரி சேருங்கள். ஓடு நீரை விடாது. கடலில் நெடுநாள் மிதந்து ஸ்காட்லாந்துத் தீவுக் கரை வரை ஒதுங்குவது அதனால்தான். ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து உள்பருப்பின் வெண்மை தெரிந்தவுடன் நிறுத்தி ஓர் இரவு ஊறவைக்கவேண்டும். விதை ஊறிப் பருத்தால் விதைக்கலாம். பருக்காவிட்டால் இன்னும் தேய்க்கவேண்டும்.

தண்டையார்பேட்டை:

அறிவியல் பெயரையும் சரிபாருங்கள். கழற்சியைத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கிலாண்டினா என்ற பேரினத்தில் வைத்தார். இன்னொரு தாவரவியலாளர் ராக்ஸ்பர்க்கின் நூல் 1832இல் வெளிவந்தபோது சிசல்பினியா என்ற பேரினத்துக்குப் போனது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் அதைத்தான் தருகின்றன. 2016 ஆய்வுக்குப் பிறகு மறுபடி கிலாண்டினா. 2017 வகைப்பாட்டில் அவரைக் குடும்பத்துக்கு 6 துணைக்குடும்பங்கள். தொட்டாற்சுருங்கி வகையும் கழற்சியும் இப்போது ஒரே துணைக்குடும்பம். மூன்று துணைக்குடும்பம் என்று கையேட்டில் எங்காவது இருந்தால் திருத்துங்கள்.

இராயபுரம்:

நன்றி. பெரும்பான்மை வன்கொடி பக்கம், அதையே போடுகிறேன். திருத்திய முதல் வரி: “வன்கொடி, அடித்தண்டு கட்டையானது, தோல்முட்கள் பின்வளைந்தவை, அவற்றால் மாட்டி ஏறும்.” சொல்லடைவில் வன்கொடிக்கு நேரே ‘லியானா’ என்று தமிழெழுத்தில் இருக்கும். கெச்சக்காய் தலைப்பில் வரும்.

திருவொற்றியூர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரம்பு வரும் பக்கத்தில் வன்கொடி இடிக்கும், அப்போது காழ்க்கொடியைத் தேடி வருவீர்கள். அது போகட்டும். ‘இலையடிச்செதில் பெரியது, இலை போன்றது’ என்று எழுதியிருக்கிறீர்களே, இலை போன்றது எப்படிச் செதிலாகும்? அவரைக் குடும்பம் முழுக்க இந்த உறுப்பு வருகிறது. ‘இலைத்துணை’ என்று மாற்றலாம்.

எண்ணூர்:

அதில் உங்களோடு நிற்கிறேன் ஐயா. ஆனால் பாடநூல் படித்து வரும் பிள்ளைகளுக்குச் செதில்தான் தெரியும். இந்தப் பதிப்பில் இரண்டையும் சாய்கோடிட்டுப் போடலாமா?

இராயபுரம்:

சாய்கோடு திறவுகோலில் அகலம் கொள்ளாது. இப்போதைக்குச் செதில். இலைத்துணை பற்றி வேறு யாருக்கேனும் கருத்து இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.