ஆறு தங்கத்துக்கு முன்னால் ஒரு தங்கம் செல்லாதா?

தக்கலை அம்மா:
என் மகளுக்குப் பதினாறு வயது, 72 கிலோ. பாக்ஸிங் பழகுகிறாள். கையில் சுற்றும் துணியைத் தினமும் அலசி, ரப்பர் ஷீட் காயும் கொடியிலேயே ஒரு ஓரமாகப் போடுவாள். ரப்பர் வாடை அதில் ஏறிவிடும். பார்ப்பவர்கள் எல்லாம் "மேரி கோம் ஆகப் போறியா?" என்று கேட்கிறார்கள். போன வாரம் அவளே கேட்டாள்: "அம்மா, அவங்க என்னைவிட இருபது கிலோவுக்கு மேல குறைச்சல். என் எடையில் நம்ம பக்கம் யாருமே இல்லையா?"

இருக்கிறார். கண்ணூர்க்காரர் கே.சி. லேகா. 2006-ல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில், 75 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். விளையாட்டில் வாழ்நாள் சாதனைக்குத் தரும் தியான் சந்த் விருது அவருக்கு வந்தது 2021-ல். பதினைந்து வருடம்! இந்தப் பெயர் எனக்கே போன வாரம்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

குழித்துறை அண்ணன்:
வருத்தம் புரிகிறது தங்கச்சி. ஆனால் பெயர் சும்மா வருவதில்லை. 2002, 2005, 2006, 2008, 2010, 2018 என்று மேரி கோம் வாங்கியது ஆறு உலகத் தங்கம். இரட்டைக் குழந்தை பெற்ற மறு வருடம் வந்து ஜெயித்ததுதான் அந்த 2008 தங்கம். ஒன்றையும் ஆறையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

கொளச்சல் கடலோரம்:
அண்ணே, ஐந்து தங்கம் வாங்கின பிறகும் இங்கே எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? 2012-ல் லண்டனில் வெண்கலம் வந்த பிறகுதான் எங்கள் டீக்கடையில் அவர் பேச்சே வந்தது. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த வருடம்தான். அதிலும் அவருடைய 48 கிலோ பிரிவு கிடையாது; 51-க்கு ஏறி மோதினார். ஐந்து உலகத் தங்கத்தைவிட ஒரு வெண்கலம் பெரிதாகத் தெரிந்தது என்றால், நாம் பார்த்தது ஆட்டத்தையா, மேடையையா?

குழித்துறை அண்ணன்:
அதை ஏற்க மாட்டேன். 2003-லேயே அர்ஜுனா, 2006-ல் பத்மஸ்ரீ. ஒலிம்பிக்குக்கு முன்பே திறமையைப் பார்த்துத்தானே கொடுத்தார்கள்?

தக்கலை அம்மா:
அதுதான் அண்ணே என் வயிற்றெரிச்சல். அவ்வளவு சீக்கிரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு லேகாவைப் பார்க்க ஏன் பதினைந்து வருடம்?

குழித்துறை அண்ணன்:
சரி, அந்தத் தாமதம் தப்புதான். ஆனால் பிள்ளைக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் அசாம் குத்துச்சண்டை வீராங்கனை லவ்லினா இருக்கிறாரே. 2023-ல் அதே 75 கிலோவில் உலகத் தங்கம்.

தக்கலை அம்மா:
காட்டினேன். செல்போனில் நாலு தடவை பார்த்தாள். ஆனால் கண்ணூர் என்று சொன்னதும்தான், "ரயில் ஏறினா போயிடலாமே, மலையாளத்துலயே பேசலாமே" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

மேரி கோமுக்குச் சமம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த 2006-ல் நமக்கு நாலு தங்கம்: மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, லேகா. பள்ளி விளையாட்டு விழாவில் பேசுகிறவர்கள் அந்த வருடத்தைச் சொன்னால் நாலு பேரையும் சொல்லட்டும்.