ரெட் மேன் அட்டைகள்: கீழ்த்துண்டு இல்லாவிட்டால் தொகுப்பு நிறையாதா?

கூடல்நகரான்:
"கீழ்த்துண்டு வெட்டப்பட்ட ரெட் மேன் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு தொகுப்பு நிறைந்துவிட்டது என்பவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார்" என்று வைகறை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ரெட் மேன் என்ற அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1952 முதல் 1955 வரை வெளியிட்ட நான்கு தொகுப்புகளையும் ஒன்பது ஆண்டுகள் தேடிச் சேர்த்தவன் நான். மெல்லும் புகையிலையோடு வந்த அந்த பேஸ்பால் அட்டைகளின் அடியில் இருந்த துண்டுகளில் 50 சேர்த்து அனுப்பினால் தொப்பி ஒன்று தருவதாக அறிவித்ததே அந்த நிறுவனம்தான். வெட்டுவதற்கென்றே அச்சிட்ட துண்டை வெட்டியது எப்படிக் குறையாகும்?

வைகறை:
எழுதியதிலிருந்து நான் பின்வாங்கப் போவதில்லை. அச்சகத்திலிருந்து வந்தபோது அட்டையின் உயரம் 4 அங்குலம். துண்டு போன பிறகு மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். டாப்ஸ் என்ற மற்றொரு நிறுவனத்தின் 1952 பேஸ்பால் அட்டை ஒன்றின் அடியில் அதே அளவு கத்தரித்துக் கொண்டுவந்தால் நீங்கள் அதை முழு அட்டை என்று வாங்குவீர்களா?

கூடல்நகரான்:
டாப்ஸ் தன் அட்டையை வெட்டச் சொல்லவில்லை, ரெட் மேன் சொன்னது. இந்த வேறுபாட்டை உங்களுக்கு இதோடு மூன்றாம் முறை சொல்கிறேன். 1961-இல் போஸ்ட் நிறுவனம் காலை உணவுப் பெட்டிகளின் பின்புறத்தில் 200 ஆட்டக்காரர்களை அச்சிட்டது. வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைகளைத்தான் நாம் இன்றும் சேர்க்கிறோம், பெட்டி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

வைகறை:
போஸ்ட் அட்டைக்கு எல்லைக்கோடு உண்டு, அதற்கு வெளியே இருப்பது வெறும் பெட்டி. ரெட் மேனில் துண்டு அட்டையின் உடலே. துண்டோடு இருக்கும் அட்டைக்குச் சந்தையில் ஏன் அவ்வளவு கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு மட்டும் நீங்கள் விடை சொல்லவில்லை.

ஆற்றங்கரை:
முழுமை பற்றிப் பேசும் இருவருமே எண்ணிக்கையைத் தொடவில்லை. 1952, 1953 தொகுப்புகளில் அணி மேலாளர்களையும் சேர்த்து 52 அட்டைகள் வந்தன, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 50. ஆனால் 1954-இல் ஜார்ஜ் கெல் பாஸ்டன் அணியிலிருந்து சிகாகோவுக்கு மாற்றப்பட்டதால் அவருக்கு இரண்டு அணிகளிலும் அட்டை உண்டு. இது உட்பட அந்த ஆண்டின் நான்கு மாற்று அட்டைகளையும் சேர்த்தால் 54. கூடல்நகரானிடம் இருப்பது 50-ஆ, 54-ஆ?

கூடல்நகரான்:
ஐம்பது. மாற்று அட்டைகள் தொகுப்பில் சேரா என்பது என் முடிவு, அதை இங்கே விவாதிக்க வரவில்லை. பேச்சு துண்டைப் பற்றியது.

ஆற்றங்கரை:
வசதியான இடத்தில் முடிவு, வசதியற்ற இடத்தில் விவாதம். 54 இல்லாதவருக்கு "நான்கு தொகுப்புகளும் நிறைந்தன" என்று சொல்லும் உரிமை கிடையாது.

பொருநைக்கரை:
இதே கூடல்நகரான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பதினொரு 1953 அட்டைகளை விற்றார். துண்டு இல்லை என்ற ஒரு சொல் அவருடைய கடிதத்தில் இல்லை. உறையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. துண்டு பொருட்டல்ல என்று அவர் இன்று வாதாடும் காரணம் எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

கூடல்நகரான்:
நான் அனுப்பிய படங்களில் அட்டையின் நான்கு விளிம்பும் தெரிந்தன, பார்க்காமல் வாங்கியது உங்கள் தவறு. இருந்தும் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தேன். அட்டைகளைத் திருப்பி அனுப்ப நீங்கள் மறுத்ததை ஏன் எழுதவில்லை? என் 1952 வில்லி மேஸ் அட்டையின் அடிவிளிம்பு சற்றுக் கோணலாக இருக்கும். ஒரு பையன் அப்பாவின் புகையிலைப் பொட்டலத்துக்காகக் காத்திருந்து, துண்டை வெட்டியெடுத்து, ஐம்பதாவது துண்டு சேரும் நாளை எண்ணியிருப்பான் என்று அந்தக் கோணலைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன். எந்த மேசை இழுப்பறையிலோ தீண்டப்படாமல் கிடந்த அட்டையைவிட அந்த அட்டைதான் தன் வாழ்வை முழுமையாக வாழ்ந்தது. 1954 வில்சன் அட்டைகள் இருபதும் இறைச்சிப் பொட்டலத்துக்குள் வந்தவை. அவற்றில் எண்ணெய்க் கறை இருந்தால் அட்டையே இல்லை என்று தள்ளிவிடுவீர்களா?

வைகறை:
கறை பட்ட அட்டையில் அட்டை முழுவதும் இருக்கிறது. வெட்டிய அட்டையில் இல்லை. பையனின் ஆசையை நானும் மதிக்கிறேன், அவன் அளவுகோலை நீட்டிவிடவில்லை.

கூடல்நகரான்:
வெட்டச் சொன்னது நிறுவனம். இதற்கு நேரான மறுமொழி இதுவரை வரவில்லை.

பொருநைக்கரை:
பணத்தைத் தருவதாகச் சொன்னவர் தபால் செலவைக் கழித்துக்கொண்டுதான் தருவேன் என்றார். அதையும் எழுதுங்கள்.

ஆற்றங்கரை:
ஐம்பத்து நான்கு.

வைகறை:
4 அங்குலம்.