காக்கா ஆழி வந்துவிட்டதா என்பதை ஏரி நீரைச் சோதித்தே அறிய முடியுமா?

கழிமுகவாசி (கேள்வி):
எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி என்னும் சிப்பியினம் சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்திருப்பதை இங்கே பலரும் அறிவீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஆழி பழவேற்காட்டின் தென்பகுதியிலும் தென்படுவதாக மீனவர்கள் சொல்கிறார்கள். ஏரியின் உட்பகுதிகளில் அது கண்ணில் படும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்று அஞ்சுகிறோம். நீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வைக் கொண்டே ஓர் உயிரினத்தைக் கண்டறியலாம் என்று படித்தேன். உதவ ஓர் ஆய்வுக்கூடமும் முன்வந்துள்ளது. நம் ஏரிக்கு இம்முறை பொருந்துமா?

வடிதாள்:
பொருந்தும். 2008-இலேயே பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத் தவளை இருப்பதை, சில மில்லிலிட்டர் நீரைக் கொண்டே ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் ஆழிக்கு இன்னொரு வசதியும் உண்டு: அது முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடுவதாலும், அதன் இளவுயிரிகள் ஒட்டிக்கொள்வதற்கு முன் நீரில் மிதந்து திரிவதாலும், சேற்றில் ஓடு தென்படுவதற்கு முன்பே நீரில் தடயம் சிக்க வாய்ப்புள்ளது. ஆனால் அந்த ஆழிக்கென்றே வடிவமைத்த பிரைமர், அதாவது அதன் டி.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு, தேவை. அது பச்சை ஆழி போன்ற நம் ஊர் இனங்களின் டி.என்.ஏ.வோடு ஒட்டாது என்பதை, அவற்றின் சதைத் துண்டுகளைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். கலங்கல் நீரில், டி.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் 0.45 மைக்ரான் வடிதாள் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஓரிடத்திற்கே பல வடிதாள்கள் செலவாகும். வெயிலும் நுண்ணுயிர்களும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், எனவே படகிலேயே வடிகட்டி, வடிதாளை உடனே எத்தனாலில் இட்டுவிடுங்கள்.

பழைய சந்தேகி:
கிடைக்கும் விடையை எப்படிப் படிப்பது என்பதில்தான் எனக்கு ஐயம். சிகாகோவில் ஆசியக் கெண்டைகள் மிச்சிகன் ஏரிக்குள் புகாமல் தடுக்கக் கால்வாயில் மின்தடுப்பு வைத்திருக்கிறார்கள். 2009-இல் அந்தத் தடுப்புக்கு அப்பாலும் அவற்றின் டி.என்.ஏ. கிடைத்தபோது, பறவை எச்சத்திலோ படகின் அடிப்பாகத்திலோ வந்திருக்கலாமே என்ற வாதம் எழுந்தது. 2010 ஜூனில் தடுப்பைத் தாண்டிய காலுமெட் ஏரியில் உயிருள்ள ஒரு கெண்டை பிடிபட்டது. அதன் பிறகும் ஒவ்வொரு தடயத்திற்கும் ஒரு மீன் உண்டு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழவேற்காட்டில் இச்சிக்கல் இன்னும் கூடுதல், ஏனெனில் பக்கிங்காம் கால்வாய் எண்ணூரையும் ஏரியையும் இணைக்கிறது. ஓதம் ஏறும்போது எடுத்த நீரில் கிடைக்கும் டி.என்.ஏ. வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே பிறந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஓதம் வடியும் நேரத்தில், ஏரியிலிருந்து வெளியேறும் நீரில் மாதிரி எடுத்தால் குழப்பம் ஓரளவு குறையும்.

தடயம் இல்லை என்றால் ஆழி இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் கொண்டை நியூட் என்ற, பல்லி போன்ற நீர்நில வாழ்வியைத் தேட இம்முறை 2014 முதல் ஏற்கப்பட்டுள்ளது. அங்கே ஒரே குளத்தின் 20 இடங்களில் நீர் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் 12 முறை சோதிக்கிறார்கள். அதுவும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய எடுத்த நீராக இருக்க வேண்டும். ஒரு சிறு குளத்திற்கே இத்தனை ஏற்பாடு என்றால், நம் ஏரியில் ஒரு குடம் நீரை மொண்டு வந்து தீர்ப்புச் சொல்ல முடியுமா?

ஐஸ்பெட்டி:
என் அனுபவம் ஒன்று. ஒருமுறை நாங்கள் காய்ச்சி வடித்த நீரையும் படகிலேயே அதே கருவியில் வடிகட்டி, வெற்று மாதிரியாக அனுப்பினோம். அதிலும் நாங்கள் தேடிய மீனின் டி.என்.ஏ. வந்தது! மாதிரிகளை வைத்த ஐஸ்பெட்டி முந்தைய வாரம் சந்தைக்கு மீன் கொண்டு போன பெட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைய 18 மாதிரிகளையும் தூக்கி எறிந்தோம். எண்ணூரில் நனைந்த கயிறும் செருப்பும் உங்கள் படகில் ஏறவே கூடாது. பிளீச்சிங் கரைசலில் கழுவாத எதையும் நம்பாதீர்கள்.

கழிமுகவாசி:
மூவருக்கும் நன்றி. புதுப் பெட்டியும் வெற்று மாதிரியும் முதல் செலவாக இருக்கட்டும். ஆழி நிச்சயமாக உள்ள எண்ணூரில் ஓரிடத்தையும், ஏரிக்குள் ஓதம் வடியும் வழியில் நான்கு இடங்களையும், தனித்தனிப் படகுகளில் வெவ்வேறு நாள்களில் எடுப்பதாக முடிவு செய்துள்ளோம். ஏரிக்குள் தடயம் கிடைக்கும் இடத்தில், இறால் பிடிக்கும் பெண்களை அழைத்துச் சென்று சேற்றைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்வோம். ஓடு கையில் சிக்கிய பிறகே அதிகாரிகளுக்கு எழுதுவோம்.