4 ஜிபி ரேம் இருந்தும் "நினைவகம் போதவில்லை": படத்தைத் திருப்பும்போது மட்டும் நிரல் நிற்கிறது

வரைபடக்காரன்

வணக்கம் நண்பர்களே. பெரிய ஸ்கேனர் ஒன்றோடு இணைந்த பழைய கணினி. விண்டோஸ் எக்ஸ்பி, 32 பிட், 4 ஜிபி ரேம். ஸ்கேனரின் டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான் உண்டு. தயாரித்தவர்கள் கைகழுவிவிட்டார்கள். ஆகவே "கணினியை மாற்று" என்பதைத் தவிர வேறு எந்த யோசனையும் சொல்லலாம்.

நிரல் விசுவல் சி++ 6-இல் எழுதியது, சோர்ஸ் கையில் இருக்கிறது. படம் 20,000 × 15,000 புள்ளி, புள்ளிக்கு 3 பைட். ஸ்கேன் ஒழுங்காக முடிகிறது. 90 டிகிரி திருப்பச் சொன்னால் உடனே "நினைவகம் போதவில்லை". அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் ஏறக்குறைய 2 ஜிபி ரேம் சும்மா கிடக்கிறது. ரேமைச் சோதித்தாயிற்று, பழுதில்லை. என்னதான் கேட்கிறது இது?

சுட்டெலி

பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) 4 ஜிபியாகக் கூட்டிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை சரியானது.

கர்னல்தம்பி

பேஜ் ஃபைல் இங்கே உதவாது. ரேமும் பேஜ் ஃபைலும் கணினி முழுமைக்கும் பொது. இங்கே தீர்ந்துபோவது அந்த ஒரு ப்ராசஸின் (ஓடும் நிரலின்) முகவரி வெளி, அதாவது அது பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரிகள். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபி. அதில் மேல் பாதியை விண்டோஸ் தன் மையப் பகுதியான கர்னலுக்கு எடுத்துக்கொள்கிறது, கீழ்ப் பாதியான 2 ஜிபிதான் உங்கள் நிரலுக்கு. எத்தனை ரேம் செருகினாலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் படம் 90 கோடி பைட், அதாவது சுமார் 858 எம்பி. திருப்பும்போது இரண்டாவது பிரதி ஒன்று எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டும் சேர்த்து 1,717 எம்பி.

வரைபடக்காரன்

ஆமாம், இரண்டாவது பஃபர் (படத்தை வைக்கும் நினைவகத் துண்டு) எடுக்கிறது. ஆனால் 1,717 என்பது 2,048-ஐ விடக் குறைவுதானே அண்ணா? மிச்சம் 300 எம்பி இருக்கிறதே. நிரலின் மற்ற செலவு அவ்வளவு இல்லை.

கர்னல்தம்பி

கூட்டினால் இடம் இருக்கும், ஒரே துண்டாக இருக்காது. குடும்பத்தோடு பேருந்தில் ஏறி, பத்து இருக்கை காலியாக இருந்தும் மூன்று பேர் சேர்ந்து உட்கார முடியாத கதைதான். ப்ராசஸ் எக்ஸ்புளோரர் என்ற கருவியின், எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பைப் பிடித்து, கீழ்ப் பலகத்தில் டிஎல்எல் (நிரலோடு ஏற்றப்படும் துணைக் கோப்பு) பட்டியலைத் திறந்து, ஏற்றப்பட்ட முகவரி வாரியாக வரிசைப்படுத்திப் போடுங்கள். டாஸ்க் மேனேஜரின் எண்ணை நம்ப வேண்டாம். முகவரி வெளியில் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பதை அது காட்டாது.

வரைபடக்காரன்

பார்த்தேன். எல்லாம் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்கள்). நிரல் வழக்கம்போல 00400000-இல். எங்கள் சொந்த டிஎல்எல் 10000000-இல். ஸ்கேனரோடு வந்த டிஎல்எல் 60000000-இல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. 70000000-க்கு மேலே விண்டோஸின் டிஎல்எல்கள் நெருக்கமாக.

கர்னல்தம்பி

இதோ கிடைத்துவிட்டது. எம்பியில் மாற்றினால் 10000000 என்பது 256, 60000000 என்பது 1,536, 70000000 என்பது 1,792.

ஆக உங்களிடம் உள்ள பெரிய வெற்றிடம் 256-க்கும் 1,536-க்கும் நடுவில், சுமார் 1,280 எம்பி. முதல் படம் அதில் போய் உட்காருகிறது. மிச்சம் 422. அதற்குக் கீழே 256-க்குக் கொஞ்சம் குறைவு, ஸ்கேனர் டிஎல்எல்லுக்கு மேலே இன்னொரு 256. மூன்றையும் கூட்டினால் 900 எம்பிக்கு மேல் வரும். ஆனால் எதிலும் 858 தனியாகப் பொருந்தாது. பிழைச் செய்தி சொல்வது பொய் இல்லை, அரைகுறை உண்மை.

10000000 என்பது விசுவல் சி++ டிஎல்எல்களுக்குத் தானாகவே கொடுக்கும் முகவரி. உங்கள் டிஎல்எல்லை லிங்கரில் (நிரல் துண்டுகளை இணைத்துக் கோப்பாக்கும் கருவி) வேறு முகவரிக்கு நகர்த்தலாம். ஆனாலும் அடியிலிருந்து 1,536 வரை ஒரே வெற்றிடம்தான் வரும், அதில் 1,717 போகாது.

பழையபெட்டி

32 பிட் ஜாவாவிலும் இதே தலைவலிதான். ஹீப்பை (தன் தரவுகளை வைக்கும் நினைவகத்தை) ஒரே துண்டாகக் கேட்கும், அதனால் விண்டோஸில் 1.5 ஜிபியைத் தாண்டுவதற்குள்ளேயே கிளம்ப மறுக்கும்.

கேள்விக்காரருக்கு: /3ஜிபி சுவிட்ச் இருக்கிறது. விண்டோஸ் கிளம்பும்போது படிக்கும் பூட்.ஐஎன்ஐ கோப்பில் இப்போதுள்ள வரியைத் தொடாமல், அதைப் பிரதி எடுத்து இரண்டாவது வரியின் கடைசியில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆனால் கணினி கிளம்பும்போது பழைய வரியைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம். கர்னலுக்கு 1 ஜிபி, நிரலுக்கு 3 ஜிபி என்று பங்கு மாறும். கூடவே நிரல் கோப்பின் தலைப்பில் "பெரிய முகவரி தெரியும்" என்ற கொடியை (ஆம், இல்லை என்று சொல்லும் குறியை) விசுவல் சி++-இன் எடிட்பின் கருவியால் போட வேண்டும். அது இல்லாத நிரலுக்கு எப்போதும் 2 ஜிபிதான்.

சுட்டெலி

பிஏஇ (முகவரி நீட்டிப்பு வசதி) போட்டால் 64 ஜிபி வரை போகும் என்கிறார்களே, அது?

பழையபெட்டி

அது ரேம் பக்கத்துக் கணக்கு. 1995-இல் பென்டியம் புரோவோடு வந்தது, ரேமின் முகவரியை 36 பிட்டாக்கும். ப்ராசஸ் பார்க்கும் முகவரி 32 பிட்டாகவே இருக்கும். போதாக்குறைக்கு, சாதாரண 32 பிட் எக்ஸ்பி 4 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளாது.

வரைபடக்காரன்

கொடி போட்டு, /3ஜிபி வரியில் கிளப்பினேன். இப்போது ஸ்கேனரே வேலை செய்யவில்லை! டிரைவர் தொடங்க மறுக்கிறது. பழைய வரியில் வந்தால் சரியாக இருக்கிறது.

கர்னல்தம்பி

கர்னலின் பங்கைப் பாதியாக்கிவிட்டோம், டிரைவர்கள் வாழ்வது அங்கேதான். பெரிய பஃபர் கேட்கும் டிரைவர் அங்கே மூச்சுத்திணறும். /3ஜிபி-யோடு /யூசர்விஏ=2900 என்று சேர்த்தால் நிரலுக்கு 2,900 எம்பி, மீதி கர்னலுக்குத் திரும்பும். இல்லை, பொறுங்கள்: இரண்டாவது படம் 2,048-க்கு மேலே புதிதாகக் கிடைக்கும் இடத்தில்தான் போக வேண்டும். 2,900-இல் 2,048 போனால் 852. உங்களுக்கு 858 வேண்டும்! 2950 போடுங்கள். புதிய வெற்றிடம் 902 எம்பி, படம் பொருந்தும்.

வரைபடக்காரன்

2950-இல் ஸ்கேனர் எழுந்துவிட்டது. ஆனால் திருப்பும்போது மறுபடியும் அதே "நினைவகம் போதவில்லை". ப்ராசஸ் எக்ஸ்புளோரரில் வர்ச்சுவல் சைஸ் (பிடிபட்ட முகவரி வெளியின் அளவு) 1.7 ஜிபியைத் தாண்டி நிற்கிறது. நினைவகம் கிடைத்துவிட்டது போலிருக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பிழை?

கர்னல்தம்பி

இடம் கிடைத்ததா என்று உங்கள் நிரல் எப்படிச் சரிபார்க்கிறது? அந்த வரியைப் போடுங்கள்.

வரைபடக்காரன்

சோர்ஸில் பார்த்தால், வாங்கிய முகவரியை இன்ட் (கூட்டல், கழித்தல் குறியுள்ள முழு எண்) ஆக மாற்றி, அது 0-வை விடப் பெரிதா என்று கேட்கிறது. இல்லையென்றால் பிழைச் செய்தி.

கர்னல்தம்பி

அதேதான். 2 ஜிபிக்கு மேலுள்ள முகவரியில் மேல் பிட் 1 ஆகிவிடும். அதைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் கழித்தல் எண். கிடைத்த முகவரியையே உங்கள் நிரல் தோல்வி என்று படித்துவிட்டது. இப்படி எழுதிய நிரல்கள் ஏராளம் என்பதால்தான் அந்தக் கொடியைத் தானாகப் போடாமல், கேட்டால் மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். "0-க்குச் சமமா" என்று மட்டும் கேளுங்கள். முகவரிகளைக் கழிக்கும், ஒப்பிடும் இடங்களையும் தேடிப் பாருங்கள். ஸ்கேனர் டிஎல்எல்லுக்கு முதல் பஃபரை மட்டும் கொடுங்கள், அது கீழே இருக்கிறது. மேலே உள்ளதை அதனிடம் கொடுத்தால் உள்ளே என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

வரைபடக்காரன்

திரும்பிவிட்டது! கோப்பிலும் சரியாகச் சேமிக்கிறது.

பழையபெட்டி

மகிழ்ச்சி. ஆனால் நாளைக்கு படம் 20,000 × 16,000 ஆனால் 916 எம்பி. 902-இல் போகாது, மறுபடியும் இங்கேதான் வந்து நிற்பீர்கள். இரண்டாவது பிரதி எதற்கு? திருப்பிய படத்தைக் கோப்பில்தானே எழுதப்போகிறீர்கள். அதில் 1,000 வரிசைக்கு ஒரு பட்டை: 15,000 × 1,000 × 3, வெறும் 43 எம்பி. பட்டையை நிரப்பு, கோப்பில் எழுது, அதே பஃபரில் அடுத்தது. 20 சுற்றில் முடிந்துவிடும். சுவிட்சும் வேண்டாம், கொடியும் வேண்டாம்.

வரைபடக்காரன்

எழுதிப் பார்த்தேன், சாதாரண பூட் வரியிலேயே ஓடுகிறது. கொடியையும் எடுத்துவிட்டேன். ஒரே குறை, முன்பைவிட மெதுவாக இருக்கிறது. நெடுக்காகப் படிப்பதாலா?

பழையபெட்டி

ஆமாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழு வரிசையை, அதாவது 60,000 பைட்டைத் தாண்டிக் குதிக்கிறீர்கள், கேஷ் (செயலியின் சிறிய வேக நினைவகம்) வீணாகிறது. பட்டைக்குள்ளேயே 64 × 64 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முழுதாகத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். லூப்பின் வரிசை மட்டும்தான் மாறும். ஓரத்தில் மிஞ்சும் அரைக் கட்டங்களைத் தனியாகக் கவனிக்க மறக்காதீர்கள், 15,000-ஐ 64-ஆல் வகுத்தால் மீதி வரும்.